எலுமிச்சம்பழம் வைத்த லேப்டாப்

என் வீட்டுக்காரர் கோகுல்ராஜ் லாரி ஓட்டுகிறவர். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டார். அதற்காக அவரை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை காலை என் லேப்டாப்புக்கு முன்னாலும் ஒரு பழத்தை வைத்துக் குங்குமம் பூசினார். அன்றைக்கு மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. பயம்தான்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் அது. வெண்ணந்தூர்த் தறிகளுக்காக நான் வரைந்த சேலை பார்டர்கள் முழுக்க அதில்தான். இன்னும் யாருக்கும் கொடுக்காதவை மட்டும் அறுநூற்றுச் சொச்சம். ராசிபுரம் சேலை வியாபாரி மயில்சாமி திங்கட்கிழமை அவற்றைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் வருடம் முழுக்க வேலை. இல்லையென்றால் பக்கத்து வீட்டுச் செல்லாயி போகிற முட்டைப் பண்ணை வேனில் நானும் ஏறவேண்டியதுதான். ஏறிவிட்டால் அப்புறம் வரைய மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்த நேரம் பார்த்து விண்டோஸ் படுத்துவிட்டது. "இந்தப் பழைய மிசினுக்குப் புது விண்டோஸ் ஏறாதுங்க. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கங்க, இலவசந்தான்" என்று ரிப்பேர் கடைக்காரர் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அதைச் செருகி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாமாம். ஓடியது. உள்ளே போய்த் தேடினேன். மயில், மாங்காய், கோபுரம் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. உட்கார்ந்து அழுதேன்.

அவற்றை இன்னொரு பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, பழையதை அழித்து லினக்ஸை நிரந்தரமாகப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். நகலெடுக்கத் தொடங்கும்போதே மணி பத்தைத் தாண்டிவிட்டது.

"ஏனுங்க மாமா, மத்தியானமாப் பண்ணிக்கலாமுங்களா?"

"மத்தியானம் நான் லோடு ஏத்தப் போகோணும். நான் பக்கத்துல இருக்கறப்பவே ஆரம்பிச்சுரு சாமி."

பத்து இருபத்தாறுக்கு நகலெடுப்பதைக் காட்டும் கோடு நிறைந்து மறைந்தது. கழற்றும் முன் 'வெளியேற்று' என்பதை அமுக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அமுக்கினேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, கழற்ற வேண்டாம் என்று வந்தது. காத்திருந்தோம். நகலெடுத்த பென்டிரைவின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"ராகு காலத்துக்கு இன்னும் ரெண்டு நிமிசந்தான் புள்ள!"

கோடுதான் நிறைந்துவிட்டதே, இனி என்ன எழுதப்போகிறது என்று பிடுங்கிவிட்டேன். அழித்து நிறுவு என்பதை அமுக்கினேன். அவர் சூடம் காட்டினார். மணி பத்து இருபத்தொன்பது. இரண்டு பேரும் சிரித்தோம்.

அரை மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. நகலெடுத்த பென்டிரைவைச் செருகினேன். அறுநூறு பெயரும் வரிசையாக இருந்தன. பதினொன்று மட்டும் திறந்தன. வரையக் கற்றுக்கொண்ட காலத்துக் கோணல்மாணல் கொடிகள். மற்றவற்றின் அளவு பூஜ்யம். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். மறுநாள் லேப்டாப்பைச் சேலத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பழசு ஒண்ணுந் தேறலீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

மயில்சாமிக்குப் போன் செய்தேன். "அடுத்த வருசம் பாக்கலாம் அம்மிணி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிவிட்டு வந்த இவர், சேதி கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மேசையில் பழம் காய்ந்துபோய்க் கிடந்தது. கேட்டார்:

"நல்ல நேரத்துலதான புள்ள ஆரம்பிச்சோம்?"

அவர்மேல் எரிந்து விழத்தான் தோன்றியது. ஆனால் பிடுங்கியது என் கை.

"ஆமாங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. செல்லாயி நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.