தாள் இல்லாத திவான்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. மழை வருவதாகப் போக்குக் காட்டிற்றேயன்றி ஒரு துளியும் விழவில்லை, காற்றும் அசையவில்லை.

ஐந்தாம் மாடியில் குடியிருந்த லிஃப்ட் ஆய்வாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் அமர்ந்தார், எழுந்தார், சன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தார், கசியாத சமையலறைக் குழாயை ஒருமுறை திருகி இறுக்கினார். அவருடைய கருவிப் பைக்குள் திவான் உறங்கிக்கொண்டிருந்தது.

திவான் என்பது பூனை. சாம்பல் நிறம், சப்பை மூக்கு, தரையைப் பெருக்கும் வால். குட்டியாக இருந்தபோது அது இதே கட்டடத்தின் லிஃப்ட் குழியில், உடலெல்லாம் கிரீஸ் அப்பிய கோலத்தில், அவர் கையில் கிடைத்தது. குளிப்பாட்டியபின் வெளிப்பட்ட அழகைக் கண்டு, அது கலப்பற்ற பாரசீகப் பூனை என்று அவர் அன்றே தீர்ப்பளித்துவிட்டார். இரண்டாண்டுகளாக அதைக் கேட்டுக் கேட்டு அக்கட்டடத்தார் காது புளித்துப்போயிற்று. வம்சாவளித் தாள் உண்டா என்று எவரேனும் வினவினால், "மூஞ்சியப் பாருங்க, தாள் எதுக்கு?" என்று மார்தட்டுவார்.

அந்தப் பெருமையே இப்போது வினையாக வந்து விடிந்தது. கட்டடத்தின் உரிமையாளர் அவருக்குச் சகலை. மனைவியின் அக்காளை மணந்தவர். தாளோடு வாங்கிய பெண்பூனை ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதற்கு இணை தேடிய அக்காள் தொலைபேசியில் கேட்க, ஆய்வாளரின் மனைவி முன்பின் யோசியாமல், "தாராளமா எடுத்துக்கோ அக்கா" என்று சொல்லிவிட்டாள். திவானை ஒரேயடியாகக் கொண்டுபோகச் சகலை இன்று வருகிறார்.

"போன் போட்டு வேண்டாம்னு சொல்லேன்."

"குடுத்த வாக்க எப்படிங்க மாத்துறது? ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது நானா நீங்களா?"

போதாக்குறைக்கு, சென்ற வாரம் ஆய்வாளரே இக்கட்டடத்து லிஃப்டை நிறுத்தி, கதவில் சிவப்பு அட்டை கட்டியிருந்தார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் புதிதாக மாற்றிய கம்பி வடத்திற்குச் சோதனைச் சான்றிதழ் இல்லை. சான்றில்லாத வடம் பார்வைக்கு எத்துணை உறுதியாயினும், அவர் தொழிலில் அது வடமே அன்று. சகலை கெஞ்சியும் பார்த்தார், மிஞ்சியும் பார்த்தார்; அட்டை அவிழவில்லை.

ஆகவே படிக்கட்டில் முதலில் மூச்சிரைப்பு வந்தது. பிறகுதான் சகலை வந்தார். கையில் மூடியிட்ட கூடை. பின்னால், விலங்கு மருத்துவரான இளம்பெண் ஒருத்தி.

"வாங்க சகலை."

"வந்துட்டேன்... என் சொந்தக் கட்டடத்துல என்னையே மலையேற வச்சிட்டீங்களே, நல்லா இருங்க!" சகலை நாற்காலியில் விழுந்தார். "எங்க மாப்பிள்ள?"

"பைக்குள்ள தூங்குது அத்தான்" என்றாள் மனைவி.

"எழுப்பும்மா. வீட்டோட மாப்பிள்ளையா கூட்டிட்டுப் போறேன். டாக்டரம்மா, பையன் எப்படின்னு பாருங்க."

மருத்துவர் பூனையின் பல்லைப் பார்த்தாள். முடியை விலக்கிப் பார்த்தாள். ஆய்வாளர் கைக்கடிகாரப் பட்டையை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக நின்றார்.

"நல்லா ஆரோக்கியமா இருக்கு. பாக்க பாரசீகம் மாதிரிதான். ஆனா தாய் தகப்பன் யாருன்னு பதிவு இல்லாம, சுத்த இனம்னு நான் சொல்ல முடியாது. நீளமுடி வீட்டுப்பூனைன்னு வேணா சொல்லலாம். இதுக்குப் பொறக்குற குட்டிக்கும் தாள் கிடைக்காது."

தப்பித்தோம் என்று ஆய்வாளர் எண்ணி முடிக்குமுன், சகலை திவானைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார்.

"மூஞ்சியப் பாருங்க, தாள் எதுக்கு? நான் சொல்லல டாக்டரம்மா, இவர் சொன்னது."

"இல்ல சகலை, தாள் இல்லாம எப்படி..."

"ஓ! அப்படி வாங்க வழிக்கு." சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூஞ்சியே போதும்னா, என் லிஃப்டு மூஞ்சியும் லட்சணமாத்தான் இருக்கு. அட்டைய அவுத்துடுங்க, பூனைய நீங்களே வச்சுக்குங்க. இல்ல, தாள்தான் பெருசுன்னா, இது சாதாரணப் பூனைன்னு மாடிப்படியில நின்னு, கட்டடமே கேக்குற மாதிரி சொல்லுங்க. சாதாரணப் பூனை எனக்கு எதுக்கு? ரெண்டும் முடியாதுன்னா, மாப்பிள்ள கிளம்புறாரு."

கூடைக்குள் நகங்கள் பிறாண்டின.

"அவுத்துடுங்களேன்" என்று மனைவி காதோரம் முணுமுணுத்தாள். "சான்றிதழ்தான் இந்த வாரத்துல வந்துரும்ல?"

அட்டையின் கயிற்றை அறுக்கும் கத்தி கருவிப் பையிலேயே இருந்தது. ஆய்வாளர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே சென்றார். லிஃப்ட் கதவின் கண்ணாடி வழியே கீழே நோக்கினார், இருள்தான் தெரிந்தது. அந்தக் குழியில் தாம் நின்று, கிரீஸில் முனகிய குட்டியைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது, தலைக்கு மேலே லிஃப்ட் பெட்டியைத் தாங்கிநின்ற வடங்கள் நினைவுக்கு வந்தன. அன்று அந்த வடங்களுக்குச் சான்றிதழ் இருந்தது. ஆதலால்தான் அவர் அச்சமின்றி இறங்கினார்.

கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். காதுமடல்கள் கொதித்தன. படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க வீட்டுப் பூனை பாரசீகம் இல்ல! சாதாரணப் பூனை! லிஃப்ட் குழியில கிடந்தது!"

உடனே மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது:

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் சார்! லிஃப்ட் எப்ப ஓடும், அதச் சொல்லுங்க!"

சகலை வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே கூடையைத் திறந்துவிட்டு, மருத்துவர் பின்தொடர, வெறுங்கூடையோடு படியிறங்கினார். "உங்கக்காவுக்கு நீயே பதில் சொல்லிக்கம்மா" என்ற குரல் மட்டும் கீழிருந்து வந்தது.

திவான் சோம்பல் முறித்து, கருவிப் பைக்குள் ஏறி முகத்தை வாலால் மூடிக்கொண்டது. ஆய்வாளர் குழாயை மீண்டும் இறுக்கினார், சன்னலுக்குப் போனார், திரும்பினார்.

"அதான் போயிட்டாருல்ல, உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

பையின் பக்கத்தில், வெறுந்தரையில், ஒருவழியாக அவர் அமர்ந்தார். அப்போது பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.