வாடகைத் தாய்மாமன்

எனக்குப் பதினோரு மருமக்கள். ஏழு பையன்கள், நான்கு பெண்கள். ஒருவரையும் தூக்கிக் கொஞ்சியதில்லை. பாதிப் பேரின் முகம்கூடத் தெரியாது. ஆனால் பதினோரு பேருக்கும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: இந்த மாணவரின் தாயுடன் பிறந்தவன் நான், இவருடைய வெளிநாட்டுப் படிப்புச் செலவு முழுவதையும் மனமுவந்து ஏற்கிறேன். மாமா வேலை பார்க்கிறான் என்று ஒருவனைச் சொன்னால் அதற்கு அர்த்தம் வேறு. நான் பார்த்தது நிஜமாகவே மாமா வேலை, நோட்டரி முத்திரையோடு.

தொழில் இதுதான். வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தால் மட்டும் போதாது. ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசா ஆபீசுக்குக் காட்ட வேண்டும். இல்லாதவர்கள் என் முதலாளியிடம் வருவார்கள். அவர் அந்தத் தொகையை என் பேரில் இருக்கும் பேங்க் கணக்கில் போடுவார். மூன்று மாதம் அது அங்கேயே அசையாமல் கிடக்கும். பேங்க் கொடுத்த தாளும் என் கையெழுத்துத் தாளும் பைலில் ஏறும். விசா வந்ததும் பணம் முதலாளிக்கே திரும்பிவிடும். இதற்குப் பெயர் ஷோ மணி. பார்க்கலாம், தொட முடியாது. அவருடைய கமிஷனில் பாதி முன்னாலேயே வந்துவிட வேண்டும், மீதி விசா முடிவு வருவதற்குள். வராவிட்டால் வாங்கி வரப் போவதும் நான்தான். காகிதத்தில் மாமா, நேரில் அடியாள். ஒரே சம்பளத்தில் இரண்டு ஆள் என்று முதலாளி வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தப் பதினோரு பேருக்கு அப்புறம் வந்த பன்னிரண்டாவது மருமகள் ஓர் இஸ்திரிக்காரரின் பெண். பாலம் கட்டுகிற படிப்பு. கட்டணத்தில் பாதியைக் கல்லூரியே தள்ளுபடி செய்திருந்தது என்றால் எப்பேர்ப்பட்ட மூளை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாய் உயிரோடு இல்லை. விசா ஆபீசிலிருந்து போன் வந்தாலும் வரும், பைலைப் படித்து வைத்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் அந்தக் காகித அக்காவின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன். பதினோரு தடவை வராத போன் பன்னிரண்டாவது தடவை மட்டும் வந்துவிடப் போகிறதா என்கிற திமிர்.

அன்று காலை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மீதிக் கமிஷனைக் கட்ட வைத்திருந்த பணத்தை இஸ்திரிக்காரர் மகளின் ஹாஸ்டலுக்கு முன்பணமாக அனுப்பிவிட்டாராம். கேட்டால் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறாராம். முதலாளிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. இவனை விட்டால் நாளைக்கு எல்லோரும் தலையில் ஏறி மிதிப்பார்கள் என்றார். இரண்டு கையையும் உடைத்துவிட்டு வா, உயிருக்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது என்றார். கூடவே தன் மச்சினனையும் அனுப்பினார். வெயில் மழை எதுவானாலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். நான் இரக்கப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அப்படி ஒரு வியாதி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

முன்னால் கடை, பின்னால் குடியிருக்கும் அறை. மேஜை மேல் நாலாக மடித்த போர்வை, அதன்மேல் ஒரு வெள்ளைச் சட்டை. சுவரோரம் சீட்டுக் குத்திய துணி மூட்டைகள். இஸ்திரிக்காரர் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சையும் அணைத்தார். யாருடைய சட்டையோ கருகிவிடக் கூடாதே என்கிற கவலை. கண்ணாடி வெளியே நின்றபடி ஷட்டரை முக்கால்வாசி இறக்கினான்.

ஒரு மாதம் மட்டும் டைம் கேட்டார். ஒரு முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் வைத்திருப்பேன். அதைக் கொண்டு முதலில் தொடையில் ஒன்று வைத்தேன். அந்த ஓர் அடியிலேயே பெரும்பாலானவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் உட்காரவில்லை. தண்ணீர் தெளிக்கிற பித்தளைச் சொம்பை எடுத்து வீசினார். அது என் நெற்றியில், புருவத்துக்கு மேலே பட்டுக் கிழித்தது. ரத்தம் குபுகுபுவென்று கண்ணில் இறங்கியது.

எனக்குக் கோபம் வந்தால் கணக்குத் தப்பிவிடும். தலைமுடியைப் பிடித்து அவர் முகத்தை மேஜையில் மோதினேன். பல் ஒன்று வெள்ளைச் சட்டை மேல் விழுந்தது. கீழே தள்ளி விலாவுக்குக் கீழே மிதித்தேன். ஒரே இடத்தில் நாலைந்து மிதி. பிறகு தூக்கி நிறுத்தி, அவருடைய வலது மணிக்கட்டை மேஜை விளிம்பில் வைத்து, குழாயை ஓங்கி ஒரே போடாகப் போட்டேன். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்தான் வந்தது. அவர் கத்தவில்லை. உள்ளே இருக்கும் மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தது இப்போது புரிகிறது. அப்போது, அட, நெஞ்சழுத்தக்காரன் என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் அவள் வந்துவிட்டாள். காதில் மாட்டியிருந்த ஒயர் கழுத்தில் தொங்கியது. அழாமல், கூச்சல் போடாமல் நேராக வந்து அப்பா மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். பின்னலைப் பிடித்து இழுத்துத் துணி மூட்டைகள் மேல் வீசினேன். இடது கையையும் முடித்துவிட்டால் சீக்கிரம் கிளம்பலாம் என்று குனிந்தபோதுதான் என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். ரயில் மாதிரி நீளமான நம்பர்.

மூட்டை மேல் கிடந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அது விசா ஆபீஸ். நேத்து எனக்கும் இதே நம்பர்லேருந்துதான் வந்துச்சு."

அடுத்துப் பேசியவர் தரையில் கிடந்த இஸ்திரிக்காரர். வாய் நிறைய ரத்தத்தோடு, "எடுத்துப் பேசுங்க சார்" என்றார். "தயவுசெஞ்சு நல்லபடியா பேசுங்க."

நான் குழாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அதற்குள் அவள் உள்ளே ஓடிப் பைலோடு வந்துவிட்டாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். மறுமுனையில் நம் மொழி பேசுகிற ஒரு பெண். நல்ல மரியாதையான குரல். என் பெயர், தொழில், வருமானம் எல்லாம் கேட்டாள். மருமகள் பைலைப் புரட்டி விரலை வைக்க வைக்க, நான் ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். அக்கா பெயரைக் கேட்டாள், சொன்னேன். கீழே கிடந்தவர் முனகல் வெளியே வராமல் இருக்கச் சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். அடித்தவன், அடிபட்டவர், அவர் மகள் மூவரும் ஒரே குடும்பமாக ஒரு போனைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு பெரிய தொகையை இந்தப் பெண்ணுக்காக ஏன் செலவு செய்கிறீர்கள் என்று கேட்டாள். எங்கிருந்துதான் வந்ததோ, சரளமாகப் பேசினேன். "எங்க அக்கா பொண்ணும்மா. தாயில்லாப் பிள்ளை. நான் செய்யாம வேற யாரு செய்வா?" சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மருமகள் தலையை ஆட்டினாள், அப்படித்தான், அப்படியே போங்க என்பது போல. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தப் பெண் போய்ப் பாலம் கட்டட்டும் என்று மனசார நினைத்தேன்.

அடுத்த கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. "உங்க அக்கா எப்படி இறந்தாங்க சார்?"

மருமகளின் விரல் ஒரு வரியில் போய் நின்றது. எனக்கு எழுத்தே தெரியவில்லை. நெற்றியிலிருந்து இறங்கியது இரண்டு கண்ணையும் மூடிவிட்டிருந்தது. தோளில் துடைத்தேன், மறுபடி நிறைந்தது. மங்கலாகத் தெரிந்த இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் இடது கையால் இடுப்புக்கு மேலே, விலாவுக்குப் பின்னால், அழுத்தி அழுத்திக் காட்டினார். நான் மிதித்த இடம் அது. வலியில் பிடித்துக்கொள்கிறார் என்று விட்டுவிட்டேன். கிட்னி என்று சொல்கிறார் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்றால் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

அக்கா எப்படிச் செத்தாள் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்திதான். என்னைவிட நாலு வயது மூத்தவள். எனக்குத் தலைவாரிவிட்டவள். வேறு ஒருவரின் செத்துப்போன அக்காவை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"புருஷன் அடிச்சான்மா" என்றேன். "அடிச்சே கொன்னுட்டான்."

மறுமுனையில் அந்தப் பெண் மிகவும் மெதுவாக, மாணவியோட அப்பாவா சார் என்று கேட்டாள். இல்லை இல்லை, அவர் தங்கமான மனுஷன், அது வேற என்றேன். வேற அக்காவா என்றாள். இல்லை, ஒரே அக்காதான் என்றேன். நானே என் வாயால் குழியைத் தோண்டிக்கொண்டே போனேன். மருமகள் போனைத் தன் பக்கம் திருப்பி, எங்கம்மா கிட்னி பெயிலியர்ல இறந்தாங்க மேடம், சர்ட்டிபிகேட் வெச்சிருக்கோம், மாமாவுக்கு உடம்பு சரியில்ல என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பக்கத்தில் யாரோ வலியில் முனகுவது கேட்கிறதே, நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா என்று கேட்டாள் அந்தப் பெண். இவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த பைலை விசாரணைக்கு அனுப்புகிறோம், அதுவரை விசா கிடையாது என்று சொல்லிப் போன் வைக்கப்பட்டது.

ஷட்டருக்குக் கீழே குனிந்து கண்ணாடி எட்டிப் பார்த்தான். "ஊத்திக்கிச்சா? விசா வந்தாலும் வராட்டியும் கமிஷன் கமிஷன்தான். இன்னொரு கைய முடி" என்றான். முதலாளிக்குத் தகவல் சொல்ல அந்தப் பக்கம் நகர்ந்தான்.

இஸ்திரிக்காரர் அப்போதுதான் அழுதார். கை உடைந்தபோது அழாத மனுஷன், பல் போனபோது அழாத மனுஷன், வெறும் தரையைப் பார்த்து அழுதார். மருமகள் அழவில்லை. பைலை மூடித் துணி மேல் வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்காவ அடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

போலீஸ்காரன் கேட்கவில்லை. என்னைப் பெற்றவளும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக யாருமே கேட்காத கேள்வி. பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"வாசல்ல நின்னுட்டிருந்தேன்."

"உள்ள போகலயா?"

"அவ புருஷன்கிட்டதான் வேலைக்கு இருந்தேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். போய் ஷட்டரைத் தரை வரைக்கும் இழுத்து, உள்ளே கொக்கியை மாட்டினாள். வெளியே கண்ணாடி தகரத்தைத் தட்டோ தட்டென்று தட்டினான். அவள் மேஜை மேலிருந்த குழாயை எடுத்தாள்.

"வேணாம்மா" என்றார் அவள் அப்பா. "நீ படிக்கிற பொண்ணு."

"இனிமே எங்க படிக்கிறதுப்பா? நீங்க கண்ண மூடிக்கங்க."

எடையில் அவள் எனக்குப் பாதி. இரண்டு விரலால் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பாவத்தைக் கழுவ நின்றேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். கை எழவில்லை, அவ்வளவுதான். முதல் அடி தோளில் சறுக்கிக்கொண்டு போனது. குழாய் அவள் கையிலிருந்து துள்ளி விழுந்தது. எனக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. பொறுக்கி எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டாவதைப் போட்டாள். அது முழங்கையில் பட்டது. கொஞ்சம் வலித்தது. அவளுக்கு அடிக்கத் தெரியவில்லை என்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நிறுத்தும்மா, இந்த எழவு சீக்கிரம் கைவந்துவிடும், வந்தால் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

மூன்றாவது முறை அவள் கண்ணை மூடவில்லை. நிதானமாகக் கிட்டே வந்தாள். என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மேஜை விளிம்பில் வைத்தாள்.