நெற்றியில் எழுதிய சிங்கம்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, மண்ணூர் வெயிலில் நடந்து வீட்டுக்குள் நுழைந்த கங்காவின் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிங்கம்தான். புருஷன் சுப்பிரமணியின் இடது நெற்றியில் சிவப்பாக, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பிடரி புருவம் வரைக்கும் பரவியிருந்தது. வால் மூக்கின் மேல் இறங்கி நுனியில் சுருண்டிருந்தது. ஃபேனுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெரிய காரியம் ஒன்றைச் சாதித்துவிட்டு வந்தவன் மாதிரி அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“இன்னாய்யா இது?”

“அக்கி எழுதிக்கினேன். மண்ணாங்கட்டிதான் எழுதுனான். இனிமே எறங்கிடும்.”

போன செவ்வாய்க்கிழமை வலி ஆரம்பித்தது. தலையில் இடது பக்கம் மட்டும் மிளகாயை அரைத்துப் பூசினதுபோல எரிகிறது என்றான். வியாழக்கிழமை நெற்றியில் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பின. இமை வீங்கியது. கண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது, டாக்டரைப் பார் என்று அன்றைக்கே அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கிக்குப் போய் யாராவது டாக்டரைப் பார்ப்பார்களா என்று கேட்டான். அதை அவனே நம்பினானா என்பது சந்தேகம்தான். ஒரகடத்தில் பதினோரு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வருகிற செவ்வாய்க்கிழமை கம்பெனியில் கண் டெஸ்ட். இந்த முகத்தோடு போய் நின்றால் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு பேக்கிங்கில் தள்ளிவிடுவார்கள். அந்தச் சீட்டில் வேறொருத்தன் ஏறினால் அப்புறம் இறங்கமாட்டான். அதுதான் பயம். மூன்று நாளாக ஹெல்மெட்டுக்கு அடியில் கைக்குட்டையை இறக்கிக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் வண்டி ஓட்டியிருக்கிறான். வாயைத் திறந்து அவன் எதுவும் சொல்லவில்லை. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கிட்டே போய்க் குனிந்தாள். காவி மண்ணின் வாசனை வரவில்லை. பெயிண்ட்டில் கலக்கிற தின்னரின் நாற்றம் மூக்கில் ஏறியது. தண்ணீர் தொட்டு ஓரமாகத் தேய்த்துப் பார்த்தாள். சிங்கம் அசையவில்லை.

“இது காவி இல்லையே. இன்னாத்துலய்யா எழுதுனான்?”

“ரெட் ஆக்சைடு. பெயிண்ட் ஷாப்புல கீறது. அதுவும் செவப்புதான?”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சொம்பு சுவரில் போய் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர் பிடித்து வைத்த ஒரே சொம்பு என்பதால் கீழே வைத்தாள். மண்ணாங்கட்டிக்குப் போன் போட்டாள்.

மண்ணாங்கட்டி குயவர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய அப்பா காவி மண்ணைக் குழைத்து மூன்று நாள் சிங்கம் எழுதினால் அக்கி இறங்கிவிடும் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பேச்சு. மகன் மண்ணைத் தொட்டதில்லை. சுப்பிரமணியின் கம்பெனியிலேயே, இரும்பு ராக்குகள் துருப்பிடிக்காமலிருக்க அந்தச் சிவப்பு ப்ரைமரைத்தான் அடிக்கிறான்.

“தங்கச்சி, நான் மாட்டேன்னுதான் சொன்னேன். கண்ணாண்ட வந்துகினா எங்கப்பாவே எழுத மாட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போடான்னு தொரத்திடுவாரு. இவன்தான் எங் கையப் புடிச்சிகினு அழுதான். சாப்பாட்டு டைம்ல காவிக்கு நான் எங்க போவேன்?”

“அழுதானா?”

“ஆமா. ராக்குக்குப் பின்னால நின்னுகினு.”

கட் பண்ணிவிட்டாள். மண்ணாங்கட்டியை நாலு வார்த்தை கேட்கத்தான் போன் போட்டிருந்தாள். மாமியார் செத்தபோதுகூடப் புருஷன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. அழுகையைக்கூடக் கம்பெனியில் போய் ஒளித்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. எதன்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

“எந்திரி. டாக்டராண்ட போலாம்.”

“மூணு நாளு அழிக்கக் கூடாதுமே.”

“எந்திரின்றேன்ல!”

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னக் கிளினிக்கின் டாக்டரம்மா சிங்கத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே கங்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

“மூக்கு நுனியில கொப்புளம் இருந்துச்சா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்ததில் மூக்கை யார் பார்த்தது?

“சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும். அந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போறதில்ல. நரம்புக்குள்ள சத்தமில்லாம படுத்துக் கிடந்து, என்னைக்காவது இப்படி எந்திரிக்கும். மூக்கு நுனிக்குப் போற நரம்புதான் கண்ணுக்குள்ளயும் போகுது. அங்க கொப்புளம் இருந்தா கண்ணு ஜாஸ்தி ஆபத்துல இருக்குன்னு அர்த்தம். இந்தப் பெயிண்ட்ட எடுத்தாத்தான் தெரியும்.”

ஆத்தா வந்து உட்கார்ந்து, வேப்பிலை படுக்கையில் கிடந்து, மூன்று தண்ணி ஊற்றி அனுப்பிவைத்த கதையைச் சுப்பிரமணி அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அப்போது அவனுக்கு ஏழு வயது. போனதாக நினைத்தது போகவே இல்லை. இந்த மனுஷனிடம் தங்கின வியாதிக்கு ஒளிந்துகொள்ளச் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் தேங்காயெண்ணெயும் பஞ்சும் கொடுத்தாள். ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக் கூடாது, கண்ணில் வழியக் கூடாது. கங்காவே செய்தாள். சிங்கத்தின் கால்கள் கரைந்தன. பிடரி கரைந்தது. கொப்புளத்தில் பஞ்சு படும்போதெல்லாம் அவன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். “வலிச்சா கத்தேன்யா” என்று அவள்தான் கத்தினாள். கடைசியில் வால். அதன் சுருளுக்கு அடியில், மூக்கின் நுனியில், கடுகளவு மூன்று கொப்புளங்கள்.

டாக்டரம்மா டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்தார். “மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணும். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, ஏழு நாளு. ஆனா, கண்ணைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னைக்கே கண் டாக்டர் பார்க்கணும். நாளைக்குன்னு தள்ளாதீங்க.” பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஆறு மணிக்குள் வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள்.

ஆட்டோ இருங்காட்டுக்கோட்டையில் மாட்டிக்கொண்டது. ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மணி ஐந்தே கால். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். சுப்பிரமணியின் முகம் எண்ணெயில் பளபளத்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது.

“தெரியுதாய்யா?”

“நல்லாத்தான் தெரியுது.”

அவள் அவனுடைய வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். வீங்கின இமையை அவனே இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“முன்னால நிக்கிற லாரி நம்பரு இன்னா? சொல்லு.”

அவன் கொஞ்சமும் யோசிக்காமல் கடகடவென்று சொன்னான். ஒரு எழுத்து, ஒரு எண் பிசகவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. “முருகா” என்று வல்லக்கோட்டைக் கோயில் திசையில் ஒரு கும்பிடு போடக் கை எடுக்கப் போனவள், லாரியின் பின்கதவைப் பார்த்தாள். அவனுடைய கம்பெனியின் பெயர் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. தினமும் அவன் ஃபோர்க்லிஃப்ட்டில் சரக்கு ஏற்றி அனுப்புகிற வண்டி, நம்பர் மனப்பாடம்.

“அதுக்குப் பக்கத்துல நிக்கிறது?” என்றாள்.

கார்களை ஏற்றிய நீளமான டிரெய்லர். நம்பர் வெள்ளையில் பெரிசாக எழுதியிருந்தது. அவன் இமையை இன்னும் கொஞ்சம் தூக்கினான். கழுத்தை முன்னால் நீட்டினான். பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவளுடைய உள்ளங்கைக்குள் அவனுடைய நல்ல கண்ணின் இமை ரோமங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கங்கா கையை எடுக்கவில்லை.