வியாழக்கிழமைக்கு வைத்த இறுதிப் போட்டி

கல்முனையில் ஒரு மகளிர் கல்லூரியில் பதினான்கு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர் கமீலா. முதலில் பழக்கியது வலைப்பந்துதான். ஒரு வருடம் அடித்த காற்றில் கம்பம் இரண்டும் சாய்ந்து விழுந்துவிட, மிஞ்சியது பந்து மட்டும். அதை உதைக்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று.

ஊருக்குப் பிடிக்கவில்லை. றோட்டுப் பக்கம் முழுக்க மருதமுனைத் தறிக்காரர்களிடம் வாங்கிய கழிவுத் துணியைக் கட்டி மறைத்தார். நீளக் களிசானும் தலையில் ஸ்கார்ஃபும் போட்டுத்தான் பிள்ளைகள் இறங்கினார்கள். அப்படியும் மஸாஹிரா என்ற பிள்ளையின் தாய் சபியா உம்மா, மகளைக் கையோடு இழுத்துப் போகவென்று ஒரு பின்னேரம் வந்து நின்றார். வந்தவர் விளையாட்டைப் பார்த்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் மாதம், நடுவர் ஒப்சைட் கொடுத்தது பிழை என்று வேலிக்கரையில் நின்று சண்டை பிடித்ததும் அதே சபியா உம்மாதான்.

தொண்ணூற்றேழில் போட்டிப் பரீட்சை எழுதி, கமீலா கல்விக் கந்தோரில் விளையாட்டுக்குப் பொறுப்பான உதவிப் பணிப்பாளர் ஆனார். பதில் கடமைதான். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். அந்தக் கதிரையில் அதுவரை ஒரு பெண் இருந்ததில்லை.

முதல் வேலையாக வந்தது பெண்கள் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. ஒரு பக்கம் அவருடைய பழைய கல்லூரி. மறுபக்கம் அடுத்த ஊரான பாண்டிருப்பின் பள்ளிக்கூடம். மூன்று வருடமும் இதே இரண்டு அணிகள், மூன்று வருடமும் பாண்டிருப்புக்கே வெற்றி. வெல்கிற அணி மாகாணப் போட்டிக்குத் திருக்கோணமலை போகும். மஸாஹிராவுக்கு இது கடைசி வருடம். தான் கல்லூரியை விட்டுக் கந்தோருக்குப் போன நாளில் கமீலா அவளிடம், "உன்ன திருக்கோணமலைக்குக் கூட்டிப் போறது என்ட பொறுப்பு" என்று சொல்லியிருந்தார்.

திகதியை ரொம்பக் கவனமாகத்தான் பார்த்தார். வெள்ளி ஜும்ஆ, சரிவராது. சனி ஞாயிறு ரியூஷன். செவ்வாய் போயா, பௌர்ணமி லீவு. வியாழன் வைத்தால் எல்லோரும் ஆறுதலாக வீடு போய்ச் சேரலாம். பணிப்பாளர் அப்துல் கபூர் சேர் கையெழுத்து வைத்தார். கடிதங்கள் போயின.

திங்கட்கிழமை காலை பாண்டிருப்புப் பயிற்றுவிப்பாளர் செல்லத்தங்கம் டீச்சர் அந்தக் கடிதத்தோடு கந்தோருக்குள் வந்தார்.

"இருங்க செல்லத்தங்கம்."

"இருக்க வரல்ல. இதத் திருப்பித் தரத்தான் வந்தன். பாண்டிருப்பு வராது."

"ஏன், என்ன நடந்த?"

"வெள்ளிக்கிழமை எங்கட கோயில்ல தீமிதிப்பு. என்ட அஞ்சு பிள்ளைகள் நேர்த்திக்குக் காப்புக் கட்டி நிக்குதுகள். தீ மிதிச்சு முடியுமட்டும் ஊர் எல்லை தாண்டாதுகள். தக்சாயினியும் அதில ஒரு ஆள்."

தக்சாயினி பாண்டிருப்பின் கோல் காப்பாளர். மூன்று வருடமும் கமீலாவின் பிள்ளைகள் அடித்ததையெல்லாம் பிடித்தவள் அவள்தான்.

"எனக்கு ஞாபகம் வரல்ல, செல்லத்தங்கம்."

"ஞாபகம் வரல்லயா? ஒவ்வொரு புரட்டாதியும் கோயில் லவுட்ஸ்பீக்கரால நித்திரை இல்ல எண்டு என்னட்ட வந்து குறை சொல்றது ஆர்?" செல்லத்தங்கம் கடிதத்தை மேசையில் வைத்தார். "மைதானத்தில மூணு வருசம் ஏலல்ல. இப்ப கந்தோரில இருந்து வெண்டுட்டீங்க. கெட்டிக்காரிதான்."

அவர் போன பிறகு கமீலா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். ஒரு புடைவைக் கடை கொடுத்தது. போயாவுக்குச் சிவப்பு, பெருநாளுக்குப் பச்சை. பாண்டிருப்புக் கோயிலின் பதினெட்டு நாள் திருவிழாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கலண்டரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பதினான்கு வருடமாக அவர் நினைவில் வைத்திருந்தது தன் பிள்ளைகளின் நாட்களைத்தான். பயிற்றுவிப்பாளருக்கு அது போதும். இந்தக் கதிரைக்குப் போதாது.

அப்துல் கபூர் சேர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விடுங்க. வராட்டி வராத அணி தோத்த மாதிரி. சட்டம் அப்படித்தானே."

"சட்டம் அப்படித்தான் சேர். ஆனா நான் வந்த கல்லூரிக்கு நானே வெற்றிக் கப்பத் தூக்கிக் குடுத்த மாதிரி ஆகும்."

"மாத்தினா மட்டும்? முதலாவது வேலையிலயே பொம்புளக்கி ஒரு திகதி வைக்கத் தெரியல்ல எண்டு கதைப்பாங்க. நீங்க இன்னும் பதில்தான், மறக்காதீங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி. மாத்தித்தான் ஆகணும் எண்டா, தவிர்க்க முடியாத காரணத்தால எண்டு ஒரு வரி எழுதுங்க. கந்தோர்ல எல்லாரும் எழுதுற வரிதான்."

"அப்படி எழுதினா பாண்டிருப்புதான் கெஞ்சி நாள் கேட்டது எண்டு கதை வரும் சேர். அவங்க ஒண்டும் கேக்கல்ல."

கமீலா தானே எழுதினார். கோயில் தீமிதிப்பைக் கவனியாமல் திகதி குறித்தது தன்னுடைய பிழை, போட்டி அடுத்த புதன்கிழமை நடக்கும். அப்துல் கபூர் சேர் இரண்டு தரம் வாசித்தார்.

"இது உங்கட பைல்ல கிடக்கும். ஆறாம் மாசம் எடுத்துப் பாப்பாங்க."

"ஓம் சேர். நீங்க கையெழுத்து வைங்க."

கையெழுத்து வைத்தார்.

கந்தோரில் நடந்தது பின்னேரத்துக்குள் மைதானத்துக்குப் போயிருந்தது. ஆனால் பாதிதான் போயிருந்தது. கமீலா சைக்கிளை விட்டு இறங்கும்போதே சபியா உம்மா சிரித்துக்கொண்டு வந்தார்.

"அல்லா போட்ட வழி மிஸ். பாண்டிருப்பு வராதாமே. நான் இவளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிட்டன், திருக்கோணமலைக்கி."

"போட்டி அடுத்த புதன், உம்மா. பாண்டிருப்பு வரும்."

சபியா உம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பந்தைக் காலுக்கடியில் வைத்திருந்த மஸாஹிரா கேட்டாள்:

"ஆர் மாத்தின?"

"நான்தான்."

"ஏன் மிஸ்?"

"பிழையா வெச்சதும் நான்தான்."

"அது எங்கட பிழை இல்லயே."

பின்னாலிருந்து ஒருத்தி, "தீ மிதிச்சா கால் வெந்து கிடக்கும். தக்சாயினி நொண்டி நொண்டித்தான் வருவா" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மஸாஹிரா சிரிக்கவில்லை.

புதன்கிழமை தக்சாயினி நொண்டவில்லை. பாதத்தில் பூசிய மஞ்சள் இன்னும் வெளுக்காமல், சப்பாத்தும் போடாமல் கோலுக்குள் நின்றாள். கமீலாவைப் பந்தலுக்குள் அப்துல் கபூர் சேருக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். கோட்டுக்கரையில் கமீலாவின் பழைய இடத்தில் கல்லூரியின் புதுப் பயிற்றுவிப்பாளர் றவூப் நின்று கத்தினார். கமீலா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் கதிரைக்கு அடியில் உதைத்தது.

"ஆறுதலா இருங்க" என்றார் அப்துல் கபூர் சேர்.

பாண்டிருப்பு ஒரு கோல். முடிய நாலு நிமிடம் இருக்க, மஸாஹிராவைப் பெட்டிக்குள் விழுத்தினார்கள். தண்ட உதை.

மஸாஹிரா பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் பார்த்தது றவூபை அல்ல, பந்தலை. பதற்றத்தில் அவள் எப்போதும் வலப்பக்கம்தான் அடிப்பாள். அது கமீலாவுக்குத் தெரியும், தக்சாயினிக்கும் தெரியும். போன வருடமென்றால் கமீலா இடக்கையால் ஸ்கார்ஃபைச் சரிசெய்வதுபோல, இடப்பக்கம் அடி என்று ஒரு சைகை காட்டியிருப்பார். கோட்டுக்கரைக்கு அந்தப் பக்கம் செல்லத்தங்கமும் பந்தலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமீலாவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

மஸாஹிரா வலப்பக்கம் அடித்தாள். தக்சாயினி அங்கே ஏற்கெனவே பாய்ந்திருந்தாள்.

விசில் ஊதிய பிறகு செல்லத்தங்கம் பந்தலுக்கு வந்தார். முகத்தில் பழைய கோபம் இல்லை.

"கமீலா, அண்டைக்கு நான் கதைச்சது…"

"இப்ப ஒண்டும் சொல்லாதீங்க. என்ட பிள்ளைகள் பாத்துக்கொண்டு நிக்குதுகள்." கமீலா எழும்பினார். "பெயர்ப் பட்டியல நாளைக்குப் பத்து மணிக்குள்ள கந்தோருக்குக் கொண்டு வாங்க. திருக்கோணமலை பஸ்ஸுக்கு எழுதணும்."

பிறகு பந்தலை விட்டு இறங்கி மைதானத்தைக் குறுக்கே நடந்தார். பழைய பிள்ளைகள் மணலில் வட்டமாக இருந்தார்கள். யாரும் இடம் விட்டு நகரவில்லை. புடைவையோடு வட்டத்துக்கு வெளியே, மஸாஹிராவின் முதுகுப் பக்கம் இருந்தார். சபியா உம்மா தண்ணீர்ப் போத்தலை எல்லோருக்கும் நீட்டினார். கமீலாவுக்கு நீட்டவில்லை.

மஸாஹிரா திரும்பாமலே கேட்டாள்:

"அவ எந்தப் பக்கம் பாய்வா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்?"

"தெரியும்."

"கூட்டிப் போறன் எண்டு சொன்னீங்க."

"ஓம். சொன்னன்."

மஸாஹிரா சப்பாத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். கமீலாவை எழும்பிப் போகச் சொல்லவில்லை. அவரும் எழும்பவில்லை. பந்தலில் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்துல் கபூர் சேர் வாகனத்தில் ஏறி ஹோர்ன் அடித்தார். கமீலா கையை உயர்த்தி, தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.