மலைப்பக்கம் ஒடித்த வண்டி

பால்ராஜ் அண்ணன் தன் வாடகைக் காரைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்துவந்தபோது, "இதைத் தொட மாட்டேன், போடியில வேற பட்டறையே இல்லையா?" என்றுதான் கேட்டேன். வலது பக்கக் கதவுகள் இரண்டும் பாறையில் தேய்ந்து நசுங்கியிருந்தன. வண்டியை ஓட்டியவன் ஒச்சப்பன், என் தங்கை சோலையம்மாளின் புருசன்.

போடிமெட்டிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். ஒரு வளைவில் இடது பக்கமாகப் போகவேண்டிய வண்டியை எதிர்ப்பக்கம் ஒடித்து, மலையில் உரசி நிறுத்திவிட்டான். வந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரே முடிவு கட்டியது. ஊரைச் சொல்வானேன், நானும்தான் கட்டினேன். இரண்டு வருடமாகக் குடியை விட்டிருந்தவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல். சோலை மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். இனி அவனோடு வாழமுடியாது என்று ஒரே பிடிவாதம்.

ஒச்சப்பன் பட்டறை வாசலில் வந்து நின்றான். முழங்கையில் கட்டு. உள்ளே வரவில்லை.

"மச்சான், பிரேக்கு கல்லு மாதிரி நின்னுருச்சு. ஏறி மிதிச்சும் எறங்கல. நம்புங்க மச்சான்."

சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் கட்டை தேயவில்லை, ஆயில் நிறைய இருந்தது, எங்கேயும் ஒழுக்கு இல்லை. எனக்கு வந்ததே கோபம்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும் மாப்ளே. வந்த வழிய பாத்துப் போயிரு" என்று விரட்டிவிட்டேன். அவன் திரும்பி நடந்தான். அவன் பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் பால்ராஜ் அண்ணன் போன் செய்தார். "கதவு வேலை மெதுவா நடக்கட்டும் முத்துப்பாண்டி. இழுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், இஞ்சினு சும்மா நிக்கிறப்பவே கத்துது, உஸ்ஸுனு ஒரு சத்தம் வேற. அதை மொதல்ல பாரு." பட்டறைக்கு இடம் கொடுத்தவர் அவர். அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை.

ஸ்டார்ட் செய்தேன். சும்மா நிற்கிற வண்டி அமைதியாக ஓடவேண்டும். இதுவோ யாரோ ஆக்சிலேட்டரில் கால் வைத்திருப்பதுபோலக் கத்தியது. ஆக்சிலேட்டர் கேபிள் இறுகியிருக்கும் என்று தளர்த்தினேன். குறையவில்லை. காற்று போகிற வாயைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். அப்போதும் அதே கத்தல்தான். மலை இறங்கிவந்த வண்டி, ரேடியேட்டர் ஒழுகிச் சீறுகிறதோ என்று பார்த்தால், இஞ்சின் இன்னும் சூடாகவே இல்லை. அப்படியானால் நீராவி வெளியே போகிற சத்தமில்லை, எங்கேயோ காற்று உள்ளே போகிற சத்தம்.

பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுநுனியால் ஒவ்வொரு இடமாகத் தேடினேன். தடிமனான ஒரு ரப்பர் ஓஸ் அருகே வந்ததும் காதைக் கிழித்தது. மேலே பார்க்கப் புதுசுபோல இருந்த ஓஸின் அடியில் நீளமாக ஒரு வெடிப்பு. விரலால் அழுத்தி மூடினேன். சத்தம் நின்றது, இஞ்சினும் அடங்கியது. விரலை எடுத்தேன், மறுபடி கத்தியது.

அது பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஓஸ். இஞ்சின் காற்றை உறிஞ்சுகிற அந்த இழுப்பில்தான் பூஸ்டர் வேலை செய்யும், பெடல் லேசாக இறங்கும். ஓஸ் வெடித்தால் பெடல் கல்லாகிவிடும். கட்டையும் ஆயிலும் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இஞ்சின் வேறு வண்டியைத் தானாக முன்னால் தள்ளும். நான் சக்கரத்தைப் பார்த்துவிட்டு மனுசனைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறேன்.

இஞ்சினை அணைக்காமலே சோலையை வரச் சொன்னேன். நசுங்கிய கதவு திறக்காது என்பதால் இடது பக்கமாக ஏறி, நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"அந்த நடுப் பெடல மிதி ஆத்தா."

இரண்டு காலையும் வைத்து மிதித்தாள். "எறங்கலையேண்ணே."

"இப்பிடித்தான் அன்னைக்கும் இருந்திருக்கு."

சோலை பெடலிலிருந்து காலை எடுத்தாள். "அந்த எடத்துல பள்ளம் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். நேரா விட்டிருந்தா எல்லாரும் பள்ளத்துலதான்."

சோலை தன் பக்கத்தில் நசுங்கிக் கிடந்த கதவைத் தொட்டாள். "அப்ப அவரு உக்காந்திருந்த பக்கத்தையா பாறையில குடுத்தாரு?"

போனை எடுத்து ஒச்சப்பனைக் கூப்பிட்டேன். வந்தான். ஓஸைக் காட்டினேன். "என்னைய மன்னிச்சிரு மாப்ளே" என்றேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சோலை வண்டியிலிருந்து இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட வாடையே வரல. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா போன?"

"ரெண்டு வருசமா, இன்னைக்குக் குடிச்சிட்டு வந்துருவாகளோனு தெனமும் பயந்துக்கிட்டே இருந்தேன். எல்லாரும் சொல்லவும், அந்த நாளு வந்துருச்சுனு நெனச்சிட்டேன்."

ஒச்சப்பன் வண்டிக்குள் ஏறினான். பெடலை மிதித்தான். இறங்கவில்லை. மறுபடி மிதித்தான். எழுந்து நிற்பவன்போல முழு உடம்பையும் கொடுத்து மிதித்தான். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். சோலை ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினாள்.

"எல்லாரும் சொல்லச் சொல்ல, பிரேக்க மிதிச்சேனானு எனக்கே சந்தேகம் வந்துருச்சு சோலை" என்றான். "மிதிச்சிருக்கேன். நான் மிதிச்சுத்தான் இருக்கேன்."