குற்றாலிங்கத்தின் கோடு

ஆனி மாதம் எடை நிறுத்தபோது குற்றாலிங்கத்தின் கோடு மேலே ஏறியது. பாலவாடி ரத்தினம் டீச்சர் அவன் எடை அட்டையில் புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு இழுத்துச் சேர்த்தாள். "பிள்ள தேறிட்டாம்ட்டி, மாரித்தாய்" என்று தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றோடு சத்துருண்டை நின்றது. கோடு இறங்குகிற பிள்ளைக்குத்தான் உருண்டை. தேறிய பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு போதும் என்பது மேலிடத்து உத்தரவு.

வீட்டில் என்ன இருந்தது? தென்காசிப் பீடிக் கடையில் சுற்றுவதற்கு இலை கொடுக்காத மாதம் அது. மாரித்தாய்க்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த அட்டையை அவளைப் போல உற்றுப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

ஆடியில் நிறுப்பதற்கு முந்தின இரண்டு நாளும் மகனுக்கு நீச்சத்தண்ணி மட்டும் கொடுத்தாள். இருந்த ஒரு பிடி அரிசியைப் பானையிலேயே மூடி வைத்தாள். முதல் நாள் அழுதான். மறுநாள் அழவில்லை. அது அவளை உலுக்கியது. ஆனாலும் அடுப்பை மூட்டவில்லை.

நிறுக்கிற அன்றைக்குப் பார்த்து மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் ஜீப்பில் வந்திருந்தாள். அட்டையிலுள்ள கோடு தாய்மாருக்கு விளங்குகிறதா என்று சோதிப்பது அவள் வேலை. குற்றாலத்தில் குளித்து வந்த தலை இன்னும் காயவில்லை.

குற்றாலிங்கத்தைத் தராசுத் தொட்டிலில் தூக்கினார்கள். கோடு சரிந்தது. டீச்சர் ஓர் உருண்டையை அவன் வாயில் வைத்தாள்.

"இந்தக் கோடு என்னம்மா சொல்லுது?" என்று கேட்டாள் மெட்ராஸ் அம்மாள்.

"எறங்குதும்மா. பிள்ளைக்குச் சத்து காணல. கூட ரெண்டு வாய் ஊட்டணும்."

"ஏன் இறங்கிச்சு?"

மாரித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "வயித்தால போச்சு."

"ஏட்டி, நீ பள்ளிக்கூடம் போயிருந்தா கலெக்டருதான்!" என்றாள் பின்னால் நின்ற ஹைருன் பீவி. பெண்கள் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா டீச்சர், படமாப் போட்டுக் காட்டினா எல்லாம் புரியுது!" என்று மெட்ராஸ் அம்மாள் தன் தாளில் குறித்துக்கொண்டாள்.

குற்றாலிங்கம் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தான். மெல்லத் தெம்பில்லை. மாரித்தாய் அதை விரலால் எடுத்து, தான் மென்று, துளியும் விழுங்காமல் அவன் வாயில் திரும்ப ஊட்டினாள்.

"அடுத்தாப்ல என்னைக்கு நிறுப்பிய, டீச்சர்?"

"என்ன அக்கறை!" என்று மகிழ்ந்துபோனாள் மெட்ராஸ் அம்மாள்.

ரத்தினம் டீச்சர் பையனின் குழிவிழுந்த கண்களைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். வெளியே ஜீப் கிளம்பும் வரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தேதியைச் சொன்னாள்.