எண்ணெய் குடித்த பூட்ஸ்

1.

இந்தக் கதை பிறந்தது என் அக்காவின் குதிகாலில். தோல் உரிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, அதற்கு மேல் இரண்டு ஜோடி காலுறை மாட்டி, புது பூட்ஸோடு சமையலறையில் டக் டக்கென்று நடந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, வீட்டுக்குள்ள அணிவகுப்பா?"

"கிண்டல் பண்ணாம வெங்காயத்த உரி. திங்கக்கிழமைக்குள்ள இது எனக்குப் பழகணும்."

திங்கட்கிழமை கப்பல் பட்டறையில் வெல்டர் வேலைக்குத் தேர்வு. நாள் முழுக்க நின்றபடி பற்றவைக்க வேண்டும். இரும்பு முனை வைத்த தோல் பூட்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அக்காவின் கால் அளவுக்குக் கடைகளில் கிடையாது. சொல்லிவைத்துச் செய்து வந்த ஜோடி இது. இதை விட்டால் வேறு வழியில்லை.

2.

முதல் வரி: 'பூட்ஸ் என்பது ஒரு பெண்ணின்—'

(அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது முயற்சி: 'ஜீன்ஸின் விளிம்பை மடித்துவிட்டு, பழுப்புத் தோல் பளபளக்க, தீப்பொறிகளுக்கு நடுவே அவள்—'

அக்கா எட்டிப் பார்த்தாள். "மடிப்புல பொறி விழுந்து உக்காந்துக்கும்டா. பேண்ட் பூட்ஸ மூடித் தொங்கணும்."

அப்படியானால் நேற்று மடித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தது யாராம்?

"அது வீட்டுல. அதையும் எழுது. நல்லாத்தானே இருந்துச்சு?"

நன்றாகத்தான் இருந்தது.

3.

இந்தக் கதையில் எனக்குப் பெரிய தலைவலி மாமாதான். அக்காவின் கணவர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எது முரண்டு பிடித்தாலும் எண்ணெய் விடுவார். சனிக்கிழமை அக்கா வெளியே போயிருந்தபோது பூட்ஸுக்கும் விட்டார். தடவினாரா? இல்லை, ஊறவே போட்டுவிட்டார். அவள் திரும்பி வந்ததும், "இந்தா, இனிமே கடிக்காது" என்று வாயெல்லாம் பல்லாக நீட்டினார்.

அக்கா பூட்ஸை வாங்கி மோந்து பார்த்தாள். எண்ணெய் ஊறிய தோலில் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு போனால் வாசலில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரி உள்ளே விடமாட்டார்.

ஒரு வரைவில் மாமாவைப் பொறாமைக்காரர் ஆக்கினேன். 'மனைவி தன்னைவிட அதிகம் சம்பாதிப்பாள் என்ற—' கதை சூடு பிடித்தது, ஆனால் என் மனசு கேட்கவில்லை. விஷயம் புரிந்ததும் அந்த மனிதர் முகம் செத்துப்போய் நின்றதைப் பார்த்தவன் நான்.

"வேணும்னே செஞ்சாருன்னு எழுதினா வீட்டுப் பக்கமே வராத," என்றாள் அக்கா. "அவர் மேல எனக்குக் கோவம் இருக்கு. அது என் கோவம். உனக்கு எதுக்கு?"

4.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பூட்ஸோடு மல்லுக்கட்டினாள். சோப்பு நுரையால் துடைத்தாள். முகப்பவுடரைக் கொட்டி எண்ணெயை உறிஞ்சவிட்டு, உதறி, மறுபடியும் கொட்டினாள். மாமா பவுடர் டப்பாவோடு அவள் பின்னாலேயே அலைந்தார். பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

சாயங்காலம் மாட்டிப் பார்த்தாள். தோல் விறைத்துப்போய் பழையபடி குதிகாலைக் கடித்தது.

"விட்டுடும்மா, வேற தேர்வு வரும்," என்றார் மாமா, தயங்கித் தயங்கி.

"கடிக்கட்டுங்க. கடிச்சாத்தான் எண்ணெய் போயிருக்குன்னு அர்த்தம்." கண்ணில் நீர் முட்ட, கூடத்தில் நடக்க ஆரம்பித்தாள்.

5.

முடிவு (அ): அதிகாரி உள்ளே விடுகிறார்.

முடிவு (ஆ): திருப்பி அனுப்புகிறார், அவள் பேருந்து நிறுத்தத்தில்—

என்னால் முடியவில்லை. (அ) எழுதினால் தம்பி என்பதால் எழுதியதாகிவிடும். (ஆ) எழுதக் கை வரவில்லை.

அதனால் பட்டறை வாசலில் அதிகாரியின் நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் உட்காருங்கள். மேசையில் காகிதக் கைக்குட்டை இருக்கிறது. பூட்ஸின் மேல் வைத்து அழுத்தினால், மிச்ச எண்ணெய் இருந்தால் கறையாக ஊறிவரும். இரக்கப்பட வேண்டாம். உள்ளே தீப்பொறி பறக்கிறது, கால் அவளுடையது.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்துவிட்டது. வலது காலை உங்கள் முன்னால் நீட்டுகிறாள்.

"நல்லா அழுத்தியே பாருங்க," என்கிறாள்.